காற்றடிக்கும் டென்ட்: குமரி மாவட்டக் குடும்பம் எதை வாங்கலாம்?

நான்கைந்து பேர் உள்ள குடும்பம் டென்ட் வாங்கக் கிளம்பினால் எத்தனை பேர் படுக்கலாம், என்ன விலை என்ற இரண்டைத்தான் முதலில் பார்க்கும். காற்றடிக்கும் டென்ட், அதாவது கம்பிக்குப் பதிலாகக் காற்று நிரப்பிய டியூப்கள் தாங்கி நிற்கும் டென்ட் என்றால், அதற்கும் முன்னால் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: டியூப் போனால் டியூப் மட்டும் கிடைக்குமா? கம்பி வைத்த டென்டில் ஒரு கம்பி ஒடிந்தால் ஒரு மூங்கில் கழியைச் சேர்த்துக் கட்டி இரவை ஓட்டிவிடலாம். காற்று டென்டில் ஒரு டியூப் போனால் அந்தப் பக்கம் அப்படியே உட்கார்ந்துவிடும். மாற்று டியூப் கிடைக்கவில்லை என்றால், துணி, ஜிப், உள்ளறை எல்லாம் புதிதாக இருந்தாலும் மொத்தமும் பரணுக்குப் போக வேண்டியதுதான். கொடுத்த காசை நினைத்தால் வயிறு எரியும்.

நம் மாவட்டத்தில் டென்டை எங்கே போடப்போகிறோம் என்று யோசித்தாலே தேர்வு பாதி தெளிந்துவிடும். காளிகேசம், கீரிப்பாறை, பேச்சிப்பாறைக்கு மேலே உள்ள மலைப்பகுதி எல்லாம் வனத்துறையின் பொறுப்பில் இருப்பவை. அனுமதி இல்லாமல் காட்டில் இரவு தங்க முடியாது, தங்கவும் கூடாது. ஆக, பெரும்பாலான குடும்பங்களுக்கு மிஞ்சுவது சொந்த விளை, சொந்தக்காரர் தோட்டம், ஹோம்ஸ்டே முற்றம். குலசேகரம், அருமனை, திற்பரப்பு பக்கம் என்றால் ரப்பர் தோட்டம். கணபதிபுரம், சங்குத்துறை, சொத்தவிளை பக்கம் என்றால் தென்னை விளையும் மணலும். இரண்டு இடத்திலும் கார் பக்கத்தில் வரை வந்துவிடும். 15 முதல் 30 கிலோ எடையுள்ள காற்று டென்டுக்கு இது முக்கியம். தோளில் சுமந்து மலையேற அது ஆகாது. இன்னொன்று, தென்னை மூட்டில் டென்ட் போடக்கூடாது என்று நம் ஊரில் குழந்தைக்குக்கூடச் சொல்லித்தர வேண்டியதில்லை. ரப்பர் மரமும் காற்றில் கொப்பு ஒடியக்கூடியதுதான், அதை மறந்துவிடுகிறோம். நடுவில் வெட்டவெளி கிடைத்தால் அங்கே போடுங்கள்.

காற்று என்றதும் ஆரல்வாய்மொழி நினைவுக்கு வராமல் இருக்காது. மலைத்தொடரில் உள்ள அந்த இடைவெளி வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று பிய்த்துக்கொண்டு போவதால்தான் முப்பந்தலில் அத்தனை காற்றாலைகள் நிற்கின்றன. தோவாளை பக்கம் நிலம் வைத்திருப்பவர்கள் ஜூன் முதல் செப்டம்பர் வரை டென்ட் ஆசையை ஒத்திப்போடுவது நல்லது. கடலோரத்துக்கு ஒரு எளிய அளவுகோல் இருக்கிறது. மீனவர்களுக்கான வானிலை எச்சரிக்கையில் ‘குமரிக்கடல் பகுதியில் மணிக்கு 45 முதல் 55 கி.மீ. வேகத்திலும் இடையிடையே 65 கி.மீ. வேகத்திலும்’ என்று அடிக்கடி கேட்கிறோம். டெக்கத்லான் என்ற விளையாட்டுப்பொருள் நிறுவனத்தின் கெச்சுவா குடும்ப டென்டுகளைக் காற்றுச் சுரங்கத்தில் வைத்து மணிக்கு 50 கி.மீ. வரை உள்ளே இருக்கலாம் என்ற அளவில் சோதிக்கிறார்கள். அதுவும் எல்லாக் கயிறும் இழுத்துக் கட்டி, எல்லா முளையும் அடித்த நிலையில். கடலுக்குப் போகாதே என்று வள்ளத்துக்குச் சொல்லும் நாளில் எந்த டென்டும் கரையில் நிற்கக்கூடாது. 2017 நவம்பர் 30 அன்று ஒக்கி அடித்ததைப் பார்த்த மாவட்டம் இது. இதில் விவாதத்துக்கே இடமில்லை.

அந்த எல்லைக்குள் வரும் காற்றில் காற்றடிக்கும் டென்டுக்கு ஒரு நல்ல குணம் உண்டு. பலத்த வீச்சு வந்தால் டியூப் வளைந்து கொடுக்கும், வீச்சு அடங்கியதும் நிமிர்ந்துவிடும். ஃபைபர் கம்பி ஒரு அளவுக்கு மேல் வளைந்தால் நீளவாக்கில் பிளக்கும், பிளந்த முனை துணியைக் கிழிக்கும். இந்த ஒரு காரணத்துக்காகவே நான் காற்று டென்டின் பக்கம் சாய்கிறேன். நிறுத்துவதும் எளிது: விரித்து, நான்கு மூலையில் முளை அடித்து, பம்ப் அடித்தால் எழுந்துவிடும். எந்தக் கம்பி எந்த உறைக்குள் போகும் என்ற தேடல் இல்லை.

இப்போது அந்த டியூப் எப்படி இருக்கிறது என்று பார்ப்போம். வெளியே தெரிவது ஒரு துணி உறை. பெரும்பாலும் கெட்டியான பாலியெஸ்டர், ஓரத்தில் ஒரு ஜிப். அந்த ஜிப்பைத் திறந்தால் உள்ளே மெல்லிய பிளாஸ்டிக் பை ஒன்று நீளமாகக் கிடக்கும். நல்ல டென்டில் அது டிபியு என்ற பாலியூரிதேன் வகைப் பிளாஸ்டிக், மலிவானதில் பிவிசி. காற்றைப் பிடித்து வைப்பது இந்தப் பை. அது அளவுக்கு மீறி ஊதிவிடாமல் தாங்குவது உறை. இந்த இரண்டும் பிரிக்கக்கூடியவையாக இருந்தால் பையை மட்டும் உருவி எடுத்துப் பழுது பார்க்கலாம், புதியது போடலாம். டியூபை டென்டோடு சேர்த்து வெல்டிங் செய்திருந்தால் அந்த வழி அடைபட்டது. கடையில் நிற்கும்போது அந்த ஜிப் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். சில டென்டில் ஜிப்பின் ரன்னரையே கழற்றி வைத்திருப்பார்கள், குழந்தைகள் தெரியாமல் திறந்துவிடக்கூடாது என்பதற்காக. அதனால் ரன்னர் இல்லையென்றாலும் பல் வரிசை ஓடுகிறதா என்று பார்க்க வேண்டும்.

அப்புறம், டியூப்கள் தனித்தனியா, இணைந்தவையா என்று கேளுங்கள். சிலதில் ஒவ்வொரு டியூபுக்கும் தனி வால்வு. மூன்று டியூப் என்றால் மூன்று இடத்தில் அடிக்க வேண்டும், கொஞ்சம் வேலை கூடுதல். ஆனால் ஒன்று போனால் மற்ற இரண்டும் நிற்கும். சிலதில் ஒரே வால்வில் அடித்தால் எல்லாம் எழும், பார்க்க அழகு. அந்த வகையில் டியூப்களுக்கு நடுவே அடைப்பான்கள் இருக்கின்றனவா என்று கேட்டே ஆக வேண்டும். அடித்து முடித்ததும் அந்த அடைப்பான்களை மூடிவிட்டால் தனித்தனி டியூப் மாதிரியே ஆகிவிடும். ஜெர்மனியின் ஹெயிம்பிளானட் இந்த முறையில்தான் தன் டென்டுகளைச் செய்கிறது. அதன் ‘கேவ்’ இரண்டு மூன்று பேருக்கானது, குடும்பத்துக்குப் போதாது. அடைப்பான் இல்லாத ஒற்றை வால்வு டென்டில் ஒரு முள் குத்தினால் முழு வீடும் தலைமேல் இறங்கும். குழந்தைகளோடு போகிறவர்கள் அதை வாங்க வேண்டாம்.

இனி கையில் உள்ள வழிகள்.

இணையக் கடைகளில் பெயர் தெரியாத காற்று டென்டுகள் நிறைய வருகின்றன. கனமான ஆக்ஸ்ஃபோர்டு துணி, வீடு மாதிரிக் கூரை, பார்க்கக் கண்ணைப் பறிக்கும். பம்பும் கூடவே வரும். நான் இவற்றை ஒதுக்குவதற்குத் துணி காரணம் இல்லை. துணி சில நேரம் நன்றாகவே இருக்கும். விற்பவர் பெயர் ஆறு மாதத்தில் மாறிவிடும், அதே மாதிரி மறுபடி வராது, டியூபின் நீளம் எங்கேயும் எழுதியிருக்காது. யாரிடம் போய் உதிரி கேட்பது? ‘ரிப்பேர் கிட் உண்டு’ என்று போட்டிருப்பார்கள். திறந்து பார்த்தால் இரண்டு பிளாஸ்டிக் ஒட்டும் சின்ன பசைக் குப்பியும்தான். அதை உதிரி என்று எண்ணக்கூடாது.

அடுத்தது வெளிநாட்டுப் பெயர்கள். ஸ்காட்லாந்தின் வாங்கோ, டென்மார்க்கின் அவுட்வெல் போன்றவர்கள் குடும்பக் காற்று டென்டில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள். தனி டியூப், வால்வு, உள்ளறை என்று உதிரியும் விற்கிறார்கள், அங்கே. வளைகுடாவிலோ ஐரோப்பாவிலோ வேலை பார்க்கும் அண்ணனோ மைத்துனரோ விடுமுறைக்கு வரும்போது கொண்டு வருவது நம் ஊரில் சாதாரணம், அதனால் இந்த வழியை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஆனால் அப்படி வரவழைக்கிறவர்கள் ஒரு காரியம் செய்ய வேண்டும்: டென்டோடு சேர்த்து அதே மாடலுக்கான டியூப் ஒன்றையும் வால்வு ஒன்றையும் அன்றைக்கே வாங்கி வரச் சொல்ல வேண்டும். மூன்று வருடம் கழித்துத் தேடினால் மாடல் மாறியிருக்கும். கிடைத்தாலும் கூரியர் கட்டணமும் சுங்க வரியும் சேர்ந்து டியூபின் விலையைத் தாண்டிவிடலாம். டியூப் ஒவ்வொன்றும் ஒரே நீளமாக இருக்காது. நடு வளைவு ஒரு அளவு, முன் வளைவு ஒரு அளவு. அதிகம் அடிபடுவது வாசல் பக்கத்து டியூப், அதையே கேளுங்கள்.

மூன்றாவது டெக்கத்லான். அவர்களின் ‘ஏர் செகண்ட்ஸ்’ வரிசை காற்றடிப்பது, ‘அர்பெனாஸ்’ வரிசையில் குடும்ப டென்டுகள் ஃபைபர் கம்பி வைத்தவை. டியூப், மேல்துணி, உள்ளறை, கம்பி என்று பிரித்து உதிரி விற்கும் வழக்கம் அந்த நிறுவனத்துக்கு உண்டு. கடை நமக்குத் திருவனந்தபுரத்தில் இருக்கிறது. நாகர்கோவிலில் இருந்து காலையில் கிளம்பினால் பார்த்துவிட்டு மாலைக்குள் வீட்டுக்கு வந்துவிடலாம். பொருளை நேரில் தொட்டுப் பார்க்க முடிவதும், பழுதென்றால் கொண்டு போய்க் காட்ட ஓர் இடம் இருப்பதும் எனக்குப் பெரிய விஷயம். ஆனால் ஐரோப்பாவில் விற்கும் உதிரி எல்லாம் இங்கேயும் அலமாரியில் இருக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. மாடல் எண்ணைச் சொல்லி, ‘இதன் டியூபை வரவழைத்துத் தர முடியுமா, எத்தனை நாள் ஆகும், என்ன விலை’ என்று பணம் கட்டும் முன் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிக்கொள்ளுங்கள். ‘வரும் சார், வரும்’ என்ற வாய்ச்சொல் போதாது. அவர்களின் ‘ஃப்ரெஷ் அண்ட் பிளாக்’ துணி பகலில் உள்ளே இருட்டாகவும் வெயில் ஏறும்போது சூடு குறைவாகவும் இருக்கும்படி செய்யப்பட்டது. காலை ஏழு மணிக்கே சுள்ளென்று அடிக்கும் நம் கடற்கரைக்கு அது உண்மையிலேயே உதவும்.

நான்காவது, காற்றே வேண்டாம் என்று கம்பி டென்டுக்குப் போவது. வருடத்துக்கு ஒரு தடவை, கிறிஸ்துமஸ் விடுமுறையில் மட்டும், அதுவும் வீட்டு விளையில் போடுகிற குடும்பத்துக்கு நான் இதைத்தான் சொல்வேன். விலை குறைவு. கம்பி பிளந்தால் லேத் பட்டறையில் ஒரு சாண் ஸ்டெயின்லெஸ் குழாய்த் துண்டு வெட்டி வாங்கி, பிளந்த இடத்தில் மாட்டி டேப் சுற்றிவிடலாம். குளச்சல், முட்டம் பக்கம் ஃபைபர் வள்ளம் பழுது பார்க்கிறவர்களிடம் ரெசினும் ஃபைபர் மேட்டும் இருக்கும். அவர்கள் கை பட்டால் கம்பி இன்னும் கொஞ்ச காலம் ஓடும். கம்பிக்குள் ஓடும் எலாஸ்டிக் கயிறு தளர்ந்தால் அதையும் இங்கேயே மாற்றலாம். ஊருக்குள்ளேயே பழுது பார்க்க முடிவதில் கம்பி டென்டை எதுவும் மிஞ்சாது.

பஞ்சர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கேதான் பலரும் நல்ல டியூபைக் கெடுக்கிறார்கள். காற்று இறங்கினால் முதலில் சந்தேகப்பட வேண்டியது வால்வை. கடற்கரையில் ஒரு மணல் துகள் வால்வின் ரப்பர் தட்டில் உட்கார்ந்தால் போதும், விடிவதற்குள் டியூப் தளர்ந்துவிடும். வால்வைத் திருகித் திறந்து, நல்ல தண்ணீரில் கழுவி, துணியால் ஒற்றி, இறுக்கிப் பாருங்கள். அப்போதும் இறங்கினால் பையை உருவி, சோப்பு நுரை தடவி, குமிழ் வரும் இடத்தைப் பேனாவால் வட்டமிடுங்கள். அடுத்து சைக்கிள் கடைக்குப் போகத் தோன்றும். போக வேண்டாம். அங்கே உள்ள சொல்யூஷனும் பேட்சும் ரப்பர் டியூபுக்கானவை. டிபியு மேல் ஒட்டின மாதிரி இருக்கும், காற்றடித்ததும் ஓரம் எழும்பும். டிபியுவுக்கு அதற்கென்ற ஒட்டுத்தாளோ பாலியூரிதேன் பசையோ வேண்டும். டியர்-எய்ட் என்ற ஒட்டில்கூட டைப் ஏ, டைப் பி என்று இரண்டு இருக்கிறது: ஏ டிபியுவுக்கு, பி பிவிசிக்கு. மாற்றி ஒட்டினால் நிற்காது. ஒட்டும் முன் இடத்தை மருந்துக்கடை ஸ்பிரிட்டில் துடைத்து, நன்றாகக் காயவிட்டு, காற்று முழுவதும் வெளியேறிய நிலையில் பையைத் தட்டையாக வைத்து ஒட்ட வேண்டும். உங்கள் டென்டின் பை எந்த வகை என்று கையேட்டில் இருக்கும். வாங்கும் அன்றே அதைப் பார்த்து, பொருந்தும் ஒட்டு இரண்டு வாங்கி டென்ட் பையிலேயே போட்டுவிடுங்கள்.

இன்னொரு பொய்ப் பஞ்சர் உண்டு. பல டென்டுகளுக்கு 7 பிஎஸ்ஐ, அதாவது ஏறக்குறைய 0.5 பார் அழுத்தம் சொல்லியிருப்பார்கள். உச்சி வெயிலில், டியூபுக்குள் காற்று 50 டிகிரி சூட்டில் இருக்கும்போது 7 அடித்தால், இரவு 25 டிகிரிக்கு இறங்கும்போது அது 5.3 ஆகிவிடும். டென்ட் தொளதொளவென்று நிற்கும். ஓட்டை எதுவும் இல்லை, காற்று குளிர்ந்து சுருங்கியதுதான் காரணம். மறுபக்கம் இதைவிட ஆபத்து: இரவில் 7 அடித்து அப்படியே விட்டால் மறுநாள் மதியம் 8.8 வரை ஏறும். வாசல் மூடி வெயிலில் நிற்கும் டென்டில் தையல் பிரிவது இப்படித்தான். காலையில் கொஞ்சம் திறந்துவிட்டு, மாலையில் மறுபடி ஏற்றிக்கொள்ளுங்கள். இதற்கு அளவு காட்டும் பம்ப் வேண்டும். கார் டயர்க் கம்ப்ரசரை மாட்ட வேண்டாம். 30 பிஎஸ்ஐக்கு மேல் அடிக்கப் பிறந்தது அது. மெத்தைக்கு அடிக்கும் மின் பம்ப் நேர்மாறு, 1 பிஎஸ்ஐகூட எட்டாது. மீட்டர் வைத்த கைப் பம்ப் ஒன்று போதும். டென்டோடு வரும் பம்பில் மீட்டர் இல்லையென்றால் தனியாக வாங்குங்கள்.

டியூபுக்கு அடுத்தபடி இங்கே முதலில் சாகும் பாகம் ஜிப். உப்புக்காற்று ரன்னரை அரித்துவிடும். பல் நன்றாக இருக்கும், ரன்னர் மட்டும் பிடிக்காது. இதற்கு வெளியூர் போக வேண்டாம். ரன்னரின் பின்பக்கம் 5, 8, 10 என்று ஒரு எண் வார்த்திருக்கும். பை தைக்கும் கடையில் போய் நின்றால் அண்ணாச்சி முதலில் கேட்பதே ‘எத்தனாம் நம்பரு மக்கா?’ என்றுதான். அதைச் சொல்லி, சுருள் பல்லா, தனித்தனிப் பல்லா என்றும் சொன்னால் வேலை முடிந்தது. கடற்கரையில் இருந்து திரும்பியதும் ஜிப்பை நல்ல தண்ணீரில் கழுவி, காய்ந்தபின் மெழுகுவர்த்தியால் தேய்த்தால் ரன்னர் பல வருடம் உழைக்கும்.

துணியைக் கெடுப்பது ஈரம். இரண்டு பருவமழையும் பெய்கிற மாவட்டம் நம்முடையது, வெயிலடிக்கும் நாளிலும் காற்றில் புழுக்கம் இருக்கும். டென்டின் உள்பக்கம் பூசிய பாலியூரிதேன் பூச்சு ஈரத்தோடு மடித்து வைத்தால் பிசுபிசுத்து, ஒரு மாதிரிப் புளித்த வாடை அடிக்கும். அதற்கப்புறம் தண்ணீர் நிற்காது. பூச்சு போன துணியை எந்த உதிரியாலும் மீட்க முடியாது, மேல்துணியையே மாற்ற வேண்டும். அதனால்தான் மேல்துணி தனியாகக் கிடைக்குமா என்ற கேள்வியையும் டியூபோடு சேர்த்துக் கேட்கச் சொல்கிறேன். நீர் தாங்கும் அளவு (துணி ஒழுகாமல் எத்தனை உயரத் தண்ணீரைத் தாங்கும் என்பது) 2000 மி.மீ. என்று போட்டிருந்தால் நம் மழைக்குப் போதும். 4000 என்று போட்டிருப்பதற்காக மட்டும் கூடுதல் காசு கொடுக்க வேண்டாம். ஒழுகல் பெரும்பாலும் துணியில் வராது, தையலில் வரும். தையல் மேல் ஒட்டிய டேப் சீராக இருக்கிறதா என்று விளக்கைப் பிடித்துப் பாருங்கள்.

முளையைப் பற்றி ஒரு சொல். டென்டோடு வரும் மெல்லிய கம்பி முளை செம்மண்ணில் வளையும், சொத்தவிளை மணலில் வெறுமனே உருவிக்கொண்டு வரும். மணலில் உரச் சாக்கு நான்கில் மணல் நிரப்பி, வாயைக் கட்டி, கயிற்றை அதில் முடிந்து, சாக்கைக் குறுக்காகப் புதைத்துவிடுங்கள். காசு கொடுத்து வாங்கும் மணல் முளையைவிட அது உறுதியாக நிற்கும்.

வருடத்தில் பல முறை போகிற, காரும் பெரிய டிக்கியும் உள்ள குடும்பம் என்றால், தனி வால்வு, உருவக்கூடிய டியூப், எழுத்தில் உதிரி உறுதி ஆகிய மூன்றும் உள்ள ஏர் செகண்ட்ஸ் மாதிரியான டென்டை எடுக்கலாம். அண்ணன் வெளிநாட்டில் இருந்து வருகிறார் என்றால் வாங்கோவோ அவுட்வெல்லோ, கூடவே ஒரு டியூப். உதிரிக்கு எழுத்தில் பதில் கிடைக்காவிட்டால் தயங்காமல் கம்பி டென்ட்.

வாங்கி வந்ததும் மொட்டைமாடியில் ஒரு சோதனை செய்துவிடுங்கள். சாயங்காலம் வெயில் தாழ்ந்தபின் ஒவ்வொரு டியூபிலும் சொன்ன அளவு காற்றடித்து மீட்டரைக் குறித்துக்கொள்ளுங்கள். காலையில் கொஞ்சம் திறந்துவிடும் வேலை இந்தச் சோதனைக்கு ஆகாது, அதனால் பகல் முழுக்க நிழல் விழும்படி மேலே ஒரு தார்ப்பாய் கட்டிவிட்டு, மறுநாள் அதே நேரத்தில் பாருங்கள். மதியம் பார்த்தால் சூட்டில் கூடியிருக்கும், அதிகாலையில் பார்த்தால் குறைந்திருக்கும், இரண்டையும் நம்ப முடியாது. ஒரு டியூப் மட்டும் மற்றவற்றைவிடக் கூடுதலாக இறங்கியிருந்தால், வால்வை இறுக்கி இன்னொரு நாள் பார்த்துவிட்டு, திருப்பிக் கொடுக்கும் கெடு முடிவதற்குள் கடைக்குக் கொண்டுபோய்விடலாம்.